போட்டி ரோபோவில் டிரைவ் மோட்டார் ஷாஃப்ட் ஏன் உடைகிறது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாணவர் ரோபோ அணிகளோடு சில ஆண்டுகளாக உட்கார்ந்து வேலை பார்க்கிறேன். புரோகிராம் பற்றிக் கேட்க வருகிறவர்களைவிட, கையில் கழன்ற சக்கரத்தோடு வருகிறவர்கள்தான் அதிகம். ஷாஃப்ட், அதாவது மோட்டாரிலிருந்து வந்து சக்கரத்தைச் சுழற்றும் உலோகத் தண்டு, உடைவதைப் பற்றித் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். மனதில் வைத்துப் பேசுவது 15 கிலோ அளவில் இருக்கும், 12 வோல்ட் பேட்டரியில் ஓடும், கியர்பாக்ஸோடு சேர்ந்து வரும் மோட்டார்கள் போட்ட எஃப்டிசி (மாணவர் ரோபோ போட்டி) மாதிரி ரோபோக்களை. 50 கிலோ தாண்டும், எஃப்ஆர்சி என்ற பெரிய போட்டியின் ரோபோவுக்கும் கணக்கு இதுதான், எண்கள் மட்டும் பெரிதாகும்.

மோட்டார் அதிக பலமாக இருப்பதால்தான் ஷாஃப்ட் முறுக்கிக்கொண்டு உடைகிறதா?

எல்லோரும் முதலில் இதைத்தான் நினைக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் வேறு கதை வருகிறது.

கியர்பாக்ஸிலிருந்து வெளியே வரும் ஷாஃப்ட் 6 மி.மீ. விட்டம், சக்கரம் அசையாமல் நின்றுவிட்டால் மோட்டார் 4 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை தரும் என்று வைத்துக்கொள்வோம். அந்த முறுக்கால் ஷாஃப்டின் மேற்பரப்பில் உண்டாகும் தகைவு, அதாவது ஒரு குறிப்பிட்ட பரப்பில் உலோகத்துக்குள் விழும் விசை, ஏறத்தாழ 94 மெகாபாஸ்கல். சாதாரண எஃகே தாங்கிவிடும். போதாததற்கு, முறுக்கு ஓரளவுக்கு மேல் போனால் டயர் தரையில் வழுக்கிவிடும். டயரின் வழுக்கல்தான் ஷாஃப்டுக்கு ஃபியூஸ்.

இப்போது அதே ஷாஃப்ட் கியர்பாக்ஸ் முகத்திலிருந்து வெளியே நீட்டிக்கொண்டு, 50 மி.மீ. தள்ளி ஒரு சக்கரத்தைத் தாங்குகிறது என்று பாருங்கள். 15 கிலோ ரோபோவின் எடை நான்கு சக்கரத்தில் பிரிந்தால் ஒன்றுக்கு 37 நியூட்டன். ரோபோ ஒரு பக்கம் சாய்ந்தாலோ, இரண்டு சக்கரம் தூக்கிக்கொண்டாலோ ஒரே சக்கரத்தில் 75 நியூட்டன் விழும். இதனால் கியர்பாக்ஸ் ஓரத்தில் வரும் வளைவுத் தகைவு சுமார் 177 மெகாபாஸ்கல். ரோபோ சாய்ந்து சும்மா நிற்கும்போதே இவ்வளவு. ஒரு மேட்டில் ஏறி 'தொப்'பென்று இறங்கினால் இதைப்போல மூன்று மடங்கு வருவது சாதாரணம், 500 தாண்டிவிடும். மென்மையாக்கப்பட்ட 304 ஸ்டெயின்லெஸ் 200 சொச்சம் மெகாபாஸ்கலிலேயே நிரந்தரமாக வளையத் தொடங்கும்.

இன்னொன்றும் பலர் கண்ணில் படுவதில்லை. நான்கு சக்கர ரோபோ நின்ற இடத்தில் திரும்பும்போது டயர்கள் பக்கவாட்டில் தேய்ந்துகொண்டே நகர்கின்றன. அந்தப் பக்கவாட்டு விசை தரையில் விழுகிறது, ஷாஃப்டோ தரையிலிருந்து சக்கரத்தின் ஆரம் அளவுக்கு மேலே இருக்கிறது. ஆக, சக்கரமே ஒரு நெம்புகோலாகி ஷாஃப்டை வளைக்கிறது. பிடிப்பான டயர், 50 மி.மீ. ஆரம் என்றால், முதல் கணக்கில் பாதியளவு வளைவு இதனாலேயே கூடுதலாக வரலாம்.

நான் பார்த்த உடைசல்களில் பெரும்பாலானவை முறுக்கால் வந்தவையே இல்லை. வளைவால் வந்தவை.

புதிதாகப் போட்டபோது நன்றாகத்தான் ஓடியது. ஒரு மாதம் கழித்து, ஒன்றும் செய்யாமலே உடைந்தது. எப்படி?

கம்பியை இரண்டு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் மடக்கிக்கொண்டே இருந்தால் கடைசியில் பட்டென்று ஒடிகிறதே, அதேதான். சுமையோடு சுற்றும் ஷாஃப்டில், ஒரு பக்கம் இழுபடுகிறது, எதிர்ப்பக்கம் அழுந்துகிறது. அரைச் சுற்று போனதும் அந்த இரண்டு பக்கங்களும் இடம் மாறிவிடுகின்றன. ஒரு சுற்றுக்கு ஒரு முழு மடக்கல்.

நிமிடத்துக்கு 300 சுற்று என்றால் மணிக்கு 18,000 மடக்கல். பயிற்சியெல்லாம் சேர்த்து 50 மணி நேரம் ஓட்டினால் 9 லட்சம். உலோகக் களைப்பு என்பது இதுதான். ஒரே அடியில் உடைக்க முடியாத சுமை, லட்சக்கணக்கான முறை வந்தால் உடைத்துவிடும். நுண்ணிய விரிசல் ஒன்று எங்கோ ஒரு கீறலில் தொடங்கி, நாளுக்கு நாள் உள்ளே போகிறது. உடைந்த அன்று நீங்கள் ஒன்றும் செய்யவில்லை என்பது உண்மைதான். வினை மூன்று வாரம் முன்பே தொடங்கிவிட்டது.

உடைந்த துண்டைப் பார்த்துக் காரணம் சொல்ல முடியுமா?

முடியும், அதனால் அந்தத் துண்டைத் தயவுசெய்து குப்பையில் போடாதீர்கள். நல்ல வெளிச்சத்தில், முடிந்தால் ஒரு லென்ஸ் வைத்து உடைந்த முகத்தைப் பாருங்கள்.

முகத்தின் ஒரு பகுதி வழவழப்பாக, சில சமயம் சிப்பி ஓட்டில் இருப்பதுபோல வளைவு வளைவாகக் கோடுகளோடு இருந்து, மிச்சம் சொரசொரப்பாக இருந்தால் அது களைப்பு. வழவழப்பான பகுதி மெதுவாகப் பிளந்த இடம். சொரசொரப்பானது கடைசி நொடியில் கிழிந்த இடம். கோடுகள் எங்கே மையம் கொள்கின்றனவோ அங்கேதான் விரிசல் பிறந்தது. அந்த இடத்தில் பெரும்பாலும் ஒரு பள்ளமோ, கிரப் ஸ்க்ரூ (சக்கரத்தை ஷாஃப்டோடு இறுக்கும் சின்னத் திருகு) கடித்த தடமோ இருக்கும்.

முறுக்கால் உடைந்தது வேறு மாதிரி இருக்கும். ஒரு சாக்பீஸை எடுத்து இரண்டு முனையையும் பிடித்து, வளைக்காமல் முறுக்கிப் பாருங்கள். 45 டிகிரியில் சுருளாக ஒடியும். மிகக் கடினமாக்கப்பட்ட ஷாஃப்ட் முறுக்கில் உடைந்தால் முகம் அப்படித்தான் தெரியும். மென்மையான எஃகு என்றால் குறுக்கே தட்டையாக அறுந்து, முகத்தில் சுழல் தடம் இருக்கும்.

அப்படியானால் சக்கரத்தை நேரடியாக மோட்டார் ஷாஃப்டில் மாட்டவே கூடாதா?

சின்ன, இலேசான ரோபோ என்றால் மாட்டலாம். முடிந்தவரை கியர்பாக்ஸை ஒட்டி மாட்டுங்கள். மேலே சொன்ன 50 மி.மீ. தூரத்தை 20 ஆகக் குறைத்தால் 177 மெகாபாஸ்கல் 71 ஆகிவிடும். ஒரு காசு செலவில்லாத மாற்றம். இடையில் அலங்காரத்துக்கு வைத்த ஸ்பேசரை எடுத்தாலே போதும் என்ற அணிகளைப் பார்த்திருக்கிறேன்.

15 கிலோ தாண்டினாலோ, மற்ற ரோபோக்கள் வந்து மோதும் ஆட்டம் என்றாலோ, சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் தாங்கல் கொடுங்கள். சக்கரம் இரண்டு தகடுகளுக்கு நடுவில், இரு தகட்டிலும் பேரிங். சுமை ஒரு முனையில் தொங்காமல் நடுவில் உட்காரும்போது, அதே நீளத்துக்கு வளைவு நாலில் ஒன்றாகக் குறைகிறது. 60 மி.மீ. இடைவெளியில் நடுவே 75 நியூட்டன் வைத்தால் தகைவு 53 மெகாபாஸ்கல்தான். அதே மோட்டார், அதே 6 மி.மீ. ஷாஃப்ட். வெளித் தகடு ஒன்று கூடியிருக்கிறது, அவ்வளவே. பக்கத்திலிருந்து வரும் மோதலும் சக்கரத்துக்கு முன் அந்தத் தகட்டில் விழும்.

வெளிப்பக்கம் பேரிங் வைத்த பிறகு மோட்டார் சூடாகிறது, சக்கரம் கனமாகச் சுற்றுகிறது. என்ன தப்பு?

கியர்பாக்ஸுக்குள் ஏற்கெனவே ஷாஃப்டைப் பிடிக்க பேரிங்கோ புஷ்ஷோ இருக்கிறது. நீங்கள் வெளியே இரண்டு வைத்தீர்கள் என்றால் ஒரே ஷாஃப்டை மூன்று நான்கு இடத்தில் பிடிக்கிறீர்கள். அத்தனை துளைகளும் ஒரே நேர்கோட்டில் அமைவது கைத்துளைப்பானால் துளையிட்ட தகட்டில் நடக்கிற காரியம் இல்லை. அரை மில்லிமீட்டர் விலகினாலும் ஷாஃப்ட் வளைந்த நிலையில்தான் சுற்றும். பேரிங் வைத்துக் காப்பாற்றப் போய், நாமே நிரந்தர வளைவைக் கொடுத்துவிடுகிறோம்.

வழி இரண்டு. மோட்டார் ஷாஃப்டையே நீட்டிப் பயன்படுத்துவதாக இருந்தால் வெளியே ஒரே ஒரு பேரிங் போதும். மோட்டாரை மாட்டும் திருகுகளைத் தளர்வாக வைத்து, ஷாஃப்டைப் பேரிங்கில் நுழைத்து, கையால் சுற்றி இலேசாக ஓடுகிறதா என்று பார்த்த பிறகு முறுக்குங்கள். பெரிய ரோபோ என்றால் சக்கரத்துக்குத் தனி அச்சு, அதற்கு இரண்டு பேரிங், மோட்டாருக்கும் அச்சுக்கும் நடுவில் கொஞ்சம் நெகிழும் கப்ளிங் (இரண்டு தண்டுகளை இணைக்கும் துண்டு). ரப்பர் நட்சத்திரம் வைத்த ஜா கப்ளிங் நல்லது, அதிர்ச்சியையும் வாங்கிக்கொள்ளும். இறுக்கமான ஒற்றைத் துண்டுக் கப்ளிங் மேலே சொன்ன அதே சிக்கலில் கொண்டுபோய் விடும்.

சுற்றாத அச்சு என்று சிலர் சொல்கிறார்களே, அது என்ன?

எனக்குப் பிடித்த அமைப்பு. அச்சு ஒரு போல்ட்போல இரண்டு தகட்டிலும் இறுகி நிற்கும்; சுற்றாது. சக்கரத்துக்குள் பேரிங் இருக்கும், சக்கரத்தின் பக்கத்திலேயே ஸ்ப்ராக்கெட்டையோ (செயின் ஓடும் பல்சக்கரம்) பெல்ட் புல்லியையோ திருகிவிடுவார்கள். மோட்டார் செயின் வழியாகச் சக்கரத்தைச் சுழற்றும். ரோபோவின் எடை மோட்டார் ஷாஃப்டுக்கு வருவதே இல்லை. அச்சு சுற்றாததால் அதன் மேல்பக்கம் எப்போதும் மேல்பக்கம்தான். சுற்றுக்கு ஒரு மடக்கல் என்ற களைப்புக் கணக்கு இங்கே கிடையாது. கடையில் கிடைக்கும் உயர் வலிமை போல்டே அச்சாகப் போதும்.

இடம் பிடிக்கும், எடை கூடும். இரண்டுக்கும் மனசு இருந்தால் செய்யுங்கள்.

செயின் போட்டால் மோட்டார் ஷாஃப்டுக்கு வளைவே வராதா?

வரும். செயினின் இழுவை ஷாஃப்டைப் பக்கவாட்டில் இழுக்கிறதே. 4 நியூட்டன் மீட்டருக்கு, 15 மி.மீ. ஆரமுள்ள சின்ன ஸ்ப்ராக்கெட் போட்டால் இழுவை 267 நியூட்டன், 25 மி.மீ. ஆரம் போட்டால் 160. ஆக, மோட்டார் பக்கம் ஸ்ப்ராக்கெட்டைக் கொஞ்சம் பெரிதாக்கி, சக்கரப் பக்கத்தையும் அதே விகிதத்தில் பெரிதாக்கினால் ஷாஃப்ட் மூச்சு விடும். ஸ்ப்ராக்கெட்டைக் கியர்பாக்ஸை ஒட்டி வையுங்கள், செயின் அல்லது பெல்ட்டை வீணைத் தந்திபோல இறுக்காதீர்கள். செயினுக்கு இலேசான தொய்வு இருக்கத்தான் வேண்டும். பெல்ட் பல் தாவாத அளவு இறுக்கம் போதும்.

கிரப் ஸ்க்ரூ ஒவ்வொரு மேட்சுக்குப் பிறகும் தளர்ந்துவிடுகிறது. இன்னும் பலமாக முறுக்க வேண்டுமா?

முறுக்கினால் ஆலன் கீயின் மூலைகள் மழுங்கும், அல்லது ஸ்க்ரூவின் தலைக்குழி வட்டமாகிவிடும். எம்3 கிரப் ஸ்க்ரூவுக்கு 1.5 மி.மீ. ஆலன் கீ, அந்தக் குச்சியால் எவ்வளவுதான் முறுக்க முடியும்?

கேட்க வேண்டிய கேள்வி வேறு. 4 நியூட்டன் மீட்டர் முறுக்கு 6 மி.மீ. ஷாஃப்டின் மேற்பரப்பில், அதாவது மையத்திலிருந்து 3 மி.மீ. தூரத்தில், 1,333 நியூட்டனாக விழுகிறது. ஏறத்தாழ 136 கிலோ எடையை ஒரு எம்3 திருகின் முனை பிடித்து நிறுத்த வேண்டும், அதுவும் முன்னும் பின்னும் மாறி மாறி. அது தளர்வதில் ஆச்சரியமில்லை, இவ்வளவு நேரம் நின்றதுதான் ஆச்சரியம்.

ஹப் என்பது சக்கரத்தை ஷாஃப்டோடு சேர்க்கும் நடுத்துண்டு; சுற்றுவட்டமாக இறுகப் பிடிக்கும் கிளாம்ப் ஹப் வாங்குங்கள். ஒரு பக்கம் பிளவு வைத்து, குறுக்கே ஒரு போல்ட் போட்டு இறுக்கும் வகை அது. ஷாஃப்டின் முழுச் சுற்றளவையும் பிடிப்பதால் விசை பரவிவிடும். ஷாஃப்டில் பள்ளமும் விழாது. டி-துளை (ஒரு பக்கம் தட்டையான, ஆங்கில D வடிவத் துளை) உள்ள கிளாம்ப் ஹப் இன்னும் நல்லது: முறுக்கைத் தட்டையான முகம் வாங்கிக்கொள்ளும், ஆட்டத்தைக் கிளாம்ப் நிறுத்தும்.

கிரப் ஸ்க்ரூதான் கதி என்றால், ஒன்றுக்கு இரண்டு போடுங்கள். அதில் ஒன்றாவது தட்டை முகத்தில் செங்குத்தாக உட்கார வேண்டும். முறுக்கும்போது ஹப்பைக் கையால் இடமும் வலமும் மெதுவாக ஆட்டிக்கொண்டே முறுக்குங்கள். ஸ்க்ரூ தட்டை முகத்தைத் தேடிப் பிடித்து உட்காரும்போது ஒரு சின்னத் தடங்கல் கைக்குத் தெரியும். அதுவரை ஓரத்தில்தான் நின்றுகொண்டிருந்தது என்று அர்த்தம்.

லாக்டைட் போட்டால் போதாதா?

லாக்டைட் என்பது திருகு தளராமல் பிடிக்கும் பசை; உதவும், ஆனால் தப்பான ஹப்பைச் சரியான ஹப் ஆக்காது. நீல நிறம் போதும். வேண்டும்போது கைக்கருவியால் கழற்றலாம். சிவப்பு போட்டால் கழற்ற ஏறத்தாழ 250 டிகிரி செல்சியஸ் சூடு காட்ட வேண்டும், பக்கத்தில் இருக்கும் பிளாஸ்டிக் எல்லாம் என்ன ஆகும் என்று யோசியுங்கள். திருகிலும் துளையிலும் இருக்கும் எண்ணெயை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு, ஒரு சொட்டு மட்டும். முழுப் பலம் வர 24 மணி நேரம் விடுங்கள். மேட்சுக்குப் பத்து நிமிடம் முன்னால் போட்டால் அது வெறும் நீல எண்ணெய்.

பாலிகார்பனேட் தகட்டின் மேல் சிந்தவிடாதீர்கள். பிளாஸ்டிக்கில் வெடிப்பு விட்டுவிடும்.

டி-ஷாஃப்டின் தட்டை முகம் மழுங்கிவிட்டது. என்ன செய்யலாம்?

சும்மா ஓரம் மட்டும் மழுங்கியிருந்தால், அரத்தால் தட்டை முகத்தை மீண்டும் சமமாக்கலாம். நிறைய எடுக்காதீர்கள். ஹப்பின் துளையும் சேர்ந்து அகன்றிருக்கும், அதையும் மாற்றினால்தான் பலன். ஒன்றை மட்டும் மாற்றினால் புதியது பழையதைப்போல ஆக ஒரு வாரம் போதும். குறுக்கே துளை போட்டு ஊசி அடிக்கிறேன் என்று ஒருவர் கேட்டார். 6 மி.மீ. ஷாஃப்டில் 2 மி.மீ. துளை என்பது மூன்றில் ஒரு பங்கு; அதுவும் வளைவு அதிகமுள்ள இடத்தில் என்றால் விரிசலுக்கு வாசல் திறந்து வைத்த மாதிரி. சக்கரத்துக்கு வெளி முனையில் என்றால் பரவாயில்லை.

வட்டம், டி, ஹெக்ஸ், சாவி வைத்தது: எது உறுதி?

வடிவத்தைவிட விட்டம்தான் முக்கியம். வலிமை விட்டத்தின் மும்மடிக்கு ஏறுகிறது. 6 மி.மீ.-லிருந்து 8-க்குப் போனால் 2.37 மடங்கு. 5 மி.மீ. ஹெக்ஸுக்கும் (அறுகோண ஷாஃப்ட்), எஃப்ஆர்சியில் வழக்கமான அரை அங்குல ஹெக்ஸுக்கும் வித்தியாசம் 16 மடங்குக்கு மேல். 5 மி.மீ. ஹெக்ஸ் முறுக்கை நன்றாகக் கடத்தும், திருகு எதுவும் வேண்டாம், ஆனால் ஒரு பக்கமாக நீட்டிக்கொண்டு சக்கரத்தைத் தாங்க அது மெல்லிசு. இரண்டு பக்கமும் பேரிங் கொடுத்தே பயன்படுத்துங்கள்.

எஃப்ஆர்சி ரோபோக்களில் போடும் சிஐஎம் மோட்டாரில் வருவதுபோல 8 மி.மீ. வட்ட ஷாஃப்டும் 2 மி.மீ. சாவியும் (ஷாஃப்டின் பள்ளத்தில் உட்காரும் சின்ன உலோகத் துண்டு) முறுக்குக்கு நம்பகமானவை. சாவி மட்டும் மெதுவாக வெளியே நகர்ந்து வரும் பழக்கம் உள்ளது. முனையில் ஒரு காலர் (ஷாஃப்டை இறுகப் பிடிக்கும் வளையம்) போட்டு அடைத்துவிடுங்கள்.

கடினமான எஃகில் ஷாஃப்ட் போட்டால் பிரச்சினை தீருமா?

பாதி தீரும். ஷாஃப்ட் எவ்வளவு தொய்கிறது என்பது எஃகின் வகையைப் பொறுத்ததல்ல. மலிவான எஃகும் விலை உயர்ந்த எஃகும் ஏறத்தாழ ஒரே 200 கிகாபாஸ்கல் விறைப்புதான். சக்கரம் சாய்ந்து தொங்குகிறது என்ற புகாருக்கு விட்டத்தை ஏற்றுங்கள், அல்லது தாங்கலை நெருக்கமாக்குங்கள். நிரந்தரமாக வளைந்துவிடுகிறது என்ற புகாருக்குத்தான் நல்ல எஃகு மருந்து. 4140 மாதிரி அலாய் எஃகு நல்ல தேர்வு.

அலுமினியத்தின் விறைப்பு 70 கிகாபாஸ்கல்தான், மூன்றில் ஒரு பங்கு. 7075 ரகம் வலிமையானது, பெரிய ஹெக்ஸ் அச்சுகளுக்கு எடை குறைக்க நன்றாக இருக்கும். 6 மி.மீ. அளவில் டிரைவ் ஷாஃப்டுக்கு அதை நான் தொடமாட்டேன்.

லீனியர் ராடை (3டி பிரிண்டர் மாதிரி இயந்திரங்களில் நகரும் பாகம் வழுக்கி ஓடும் கம்பி) வெட்டி ஷாஃப்டாகப் போடுகிறவர்களும் உண்டு. அதன் மேல்தோல் மட்டும் மிகக் கடினம். கிரப் ஸ்க்ரூ கடிக்காது, ஹேக்சா பிளேடு பல் போய்விடும். கிளாம்ப் ஹப் இருந்தால் மட்டும் அந்த வழிக்குப் போங்கள்.

பள்ளம் வெட்டி இ-கிளிப் போடுவது சரியா?

இ-கிளிப் என்பது ஷாஃப்ட் நகராமல் பள்ளத்தில் மாட்டும் சின்ன வளையம். பள்ளத்தை எங்கே வெட்டுகிறீர்கள் என்பதில் இருக்கிறது எல்லாம். இதை நான் கற்றுக்கொண்ட விதம் கொஞ்சம் கசப்பு.

ஒரு போட்டியில் எங்கள் ரோபோவின் இடது பின் சக்கரம் காலையிலிருந்தே இலேசாக ஆடிக்கொண்டிருந்தது. "பேரிங் கொஞ்சம் லூஸ்" என்று சொல்லி விட்டுவிட்டோம். மதியம் ஆட்டத்தின் நடுவே சக்கரம் தனியாக உருண்டு போய்ச் சுவரில் மோதி நின்றது. ரோபோ நொண்டியடித்துக்கொண்டு ஒரே வட்டத்தில் சுற்றியது. எடுத்துப் பார்த்தால், பேரிங்குக்கும் சக்கரத்துக்கும் நடுவில், பேரிங்கை ஒட்டி நாங்கள் லேத்தில் வெட்டிய இ-கிளிப் பள்ளத்தில், கத்தியால் நறுக்கியதுபோல ஒடிந்திருந்தது. முகத்தில் முக்கால் பாகம் வழவழப்பு. அதாவது, காலையில் ஆடியபோதே ஷாஃப்ட் முக்கால்வாசி அறுந்திருக்கிறது.

வளைவு அதிகபட்சமாக இருக்கும் இடம் பேரிங் ஓரம். அதே இடத்தில் கூர்மையான மூலையுள்ள பள்ளத்தை வெட்டி, விட்டத்தையும் குறைத்தோம். பிறகு பள்ளத்தைச் சக்கரத்துக்கு வெளிப்பக்க முனைக்கு மாற்றினோம். அங்கே வளைவே இல்லை. உள்பக்கம் ஒரு காலர் போட்டோம். அந்த ஷாஃப்ட் சீசன் முழுக்க நின்றது.

ஷாஃப்டில் விட்டம் மாறும் இடங்களுக்கும் இதே விதி. படி வெட்ட வேண்டுமென்றால் மூலையைக் கூர்மையாக விடாமல் உருட்டி வெட்டச் சொல்லுங்கள். அரை மில்லிமீட்டர் உருட்டலே பெரிய உதவி.

மெக்கானம் சக்கரம் போட்டால் தனிக் கவனம் வேண்டுமா?

வேண்டும். மெக்கானம் சக்கரத்தின் விளிம்பைச் சுற்றியுள்ள சின்ன உருளைகள் 45 டிகிரியில் இருப்பதால், சக்கரம் முன்னால் எவ்வளவு தள்ளுகிறதோ அதே அளவு அச்சின் நீளவாட்டத்திலும் தள்ளுகிறது. நேராக ஓடும்போது இடமும் வலமும் ஒன்றையொன்று சமன் செய்துகொள்வதால் ரோபோவுக்குத் தெரியாது, ஷாஃப்டுக்குத் தெரியும். அந்தத் தள்ளலைக் கியர்பாக்ஸின் உள்பாகம் வாங்கக்கூடாது. ஷாஃப்ட் காலரும் வாஷரும் வைத்து, தகட்டிலுள்ள பேரிங்கில் முட்ட விடுங்கள்.

ஷாஃப்டைக் காப்பாற்றப் புரோகிராமில் ஏதாவது செய்ய முடியுமா?

முழு வேகத்தில் முன்னால் போகும்போது ஜாய்ஸ்டிக்கைச் சட்டென்று பின்னால் இழுத்தால், மோட்டார் தானே உண்டாக்கும் எதிர் மின்னழுத்தமும் பேட்டரியும் ஒரே பக்கம் சேர்ந்துகொள்கின்றன. அந்தக் கணத்தில் மின்னோட்டம் மோட்டார் அடைபட்டு நிற்கும்போது வருவதைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்குக்குப் போக முயலும், முறுக்கும் அப்படியே. கியர் பற்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளி, அதை ஒரு சுத்தியல் அடியாக மாற்றிவிடும்.

ஸ்டிக் என்ன சொன்னாலும் மோட்டாருக்குப் போகும் மதிப்பு 0.2, 0.3 வினாடியில் படிப்படியாக ஏறும்படி எழுதுங்கள். ஓட்டுகிற பிள்ளை முதல் நாள் "சோம்பேறித்தனமா இருக்கு" என்று முணுமுணுப்பார், மூன்றாம் நாள் மறந்துவிடுவார். மோட்டார் கன்ட்ரோலரில் மின்னோட்ட வரம்பு வைக்கும் வசதி இருந்தால் அதையும் போடுங்கள். ஆனால் வளைவால் உடையும் ஷாஃப்டை இவை எதுவும் காப்பாற்றாது.

ஷாஃப்டை வெட்டும்போதும், பினியன் கியரை ஏற்றும்போதும் என்ன கவனிக்க வேண்டும்?

முதலில் உங்கள் போட்டியின் விதிப் புத்தகத்தைப் பாருங்கள். சில போட்டிகளில் வெளி ஷாஃப்டை வெட்டலாம், சிலவற்றில் மோட்டாரைத் தொடவே கூடாது.

வெட்டும் முன் மோட்டாரின் வாயை டேப்பால் சுற்றி மூடுங்கள். உள்ளே காந்தம் இருக்கிறது. இரும்புத் தூள் எங்கே போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. வெட்டிய முனையை அரத்தால் சரித்துவிட்டால் பேரிங் கிழியாமல் நுழையும்.

பினியனை, அதாவது மோட்டார் ஷாஃப்டில் ஏறும் சின்னப் பல்சக்கரத்தை, சுத்தியலால் அடித்து ஏற்றாதீர்கள். ஒவ்வோர் அடியும் ஷாஃப்ட் வழியாக மோட்டாரின் பின் பேரிங்கில் போய் விழும். ஷாஃப்டின் பின்முனை வெளியே தெரிந்தால் அதற்கு முட்டுக் கொடுத்து, பிரஸ்ஸில் வைத்து மெதுவாக அழுத்துங்கள். கழற்றும்போது ஸ்க்ரூடிரைவரால் நெம்ப வேண்டாம், அதற்கென்று புல்லர் என்ற இழுக்கும் கருவி இருக்கிறது.

மோட்டாரை மாட்டும் திருகின் நீளத்தையும் பாருங்கள். ஒரு மில்லிமீட்டர் அதிகமாக இருந்தால் சில கியர்பாக்ஸ்களில் உள்ளே போய்ப் பல்லில் முட்டும். ஷாஃப்டைக் குறை சொல்லி ஒரு மாலை முழுக்கத் தேடியபின் கண்டுபிடித்தோம்.

3டி பிரிண்ட் செய்த ஹப் தாங்குமா?

3டி பிரிண்டில் வழக்கமான பிஎல்ஏ பிளாஸ்டிக் சுமார் 60 டிகிரியில் இளகத் தொடங்கும். வேலை செய்த மோட்டாரின் ஷாஃப்ட் அந்தப் பக்கம் எளிதில் போகும். டி-துளை வட்டமாகிவிடும். சக்கரத்தைப் பிரிண்ட் செய்யுங்கள், நடுவில் உலோக ஹப்பைத் திருகுங்கள்.

மேட்சுக்கு முன் என்ன பார்க்க வேண்டும்?

ரோபோவைக் கட்டையில் தூக்கி வைத்து, ஒரு பேனாவின் முனையைச் சக்கரத்தின் விளிம்புக்கு ஒரு மில்லிமீட்டர் தள்ளி அசையாமல் பிடித்து, மோட்டாரை மெதுவாகச் சுற்றுங்கள். இடைவெளி ஒரே சீராக இருந்தால் நல்லது. கிட்டே வந்து விலகினால் ஷாஃப்டோ ஹப்போ வளைந்திருக்கிறது. பிறகு சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். நேற்று இல்லாத ஆட்டம் இன்று இருந்தால் கழற்றிப் பாருங்கள். எங்கள் கதைதான் தெரியுமே.

ஒவ்வொரு திருகையும் இறுக்கியபின், திருகின் தலையிலிருந்து ஹப்புக்குக் குறுக்கே பெயிண்ட் பேனாவால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். கோடு உடைந்து தெரிந்தால் திருகு நகர்ந்திருக்கிறது. ஆலன் கீயை எடுக்காமலே பத்து வினாடியில் முழு ரோபோவையும் பார்த்துவிடலாம்.

வளைந்த ஷாஃப்டை நிமிர்த்திப் போடலாமா?

கண்ணாடித் தகட்டில் உருட்டிப் பார்த்து, வைஸில் நிமிர்த்தி, பயிற்சி ரோபோவில் போடுங்கள். போட்டியில் வேண்டாம். ஒரு முறை வளைந்து நிமிர்ந்த உலோகத்தின் ஆயுளில் எவ்வளவு மிச்சம் என்று வெளியிலிருந்து தெரியாது.

போட்டிக்கு என்ன உதிரி கொண்டுபோவது?

ஷாஃப்டை மட்டும் கொண்டுபோகாதீர்கள். மோட்டார், கியர்பாக்ஸ், ஹப், சக்கரம் எல்லாம் மாட்டிய முழுத் தொகுதியாக ஒன்றைத் தயாராக வையுங்கள். நான்கு திருகு கழற்றி, நான்கு மாட்டி, கனெக்டரைச் செருகினால் முடிந்தது. கியர்பாக்ஸை மேசையில் பிரித்துக்கொண்டிருக்க இரண்டு மேட்சுக்கு நடுவே நேரம் கிடைக்காது. ஒவ்வொரு தொகுதிக்கும் எண் போட்டு, எத்தனை மணி நேரம் ஓடியது என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். அதிகம் ஓடியதைப் பயிற்சிக்கும், குறைவாக ஓடியதைப் போட்டிக்கும் வைத்துக்கொள்ளலாம்.

உடைந்த துண்டு ஹப்புக்குள் மாட்டிக்கொண்டது. எப்படி எடுப்பது?

முதலில் எல்லாத் திருகையும் முழுவதும் வெளியே எடுங்கள். ஒன்று உள்ளே ஒளிந்திருப்பதை மறந்துவிட்டு அடித்துக்கொண்டிருப்பது வழக்கம். லாக்டைட் போட்டிருந்தால் ஹப்பை மட்டும் ஹாட் ஏர் கன்னால் சூடாக்குங்கள், பிளாஸ்டிக் சக்கரத்தைக் கழற்றிய பிறகு. ஹப்பை வைஸின் தாடைகளில் படுக்க வைத்து, துண்டைவிடக் கொஞ்சம் சின்ன விட்டமுள்ள பின் பன்ச் (தட்டித் தள்ளும் எஃகுக் கம்பி) வைத்து, நேராகத் தட்டுங்கள். கிரப் ஸ்க்ரூ ஷாஃப்டில் பிசிறு எழுப்பியிருந்தால் துண்டு ஒரு பக்கமாகத்தான் நகரும்; பிசிறு இருக்கும் இடத்திலிருந்து கிட்டத்து வாய் எதுவோ அந்தப் பக்கம் தள்ளுங்கள். துண்டு வெளியே வந்ததும் ஒரு கவரில் போட்டு, தேதியையும் எந்தச் சக்கரம் என்பதையும் எழுதி வையுங்கள்.